இரண்டு டாலர் இன்சுலின் நாணயம்: வாசகர் கேள்விகள், எங்கள் பதில்கள்

இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டு நூறு ஆண்டு ஆனதை நினைவுகூர்ந்து கனடா நாணயச்சாலை 2021இல் ஒரு இரண்டு டாலர் நாணயம் வெளியிட்டது. அதைப் பற்றிப் போன இதழில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போட்டிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் பாதி நாணயம் சேர்ப்பவர்களுடையது, மீதி வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இன்சுலின் வைத்திருப்பவர்களுடையது. ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாக்கி, இந்தப் பகுதி முழுவதையும் இந்த முறை அதற்கே கொடுத்துவிட்டோம்.

கே: கடையில் கொடுத்த மீதிச் சில்லறையில் ஒரு டூனி (கனடாவின் இரண்டு டாலர் காசு) வந்தது. வழக்கமான பனிக்கரடி இல்லை, வேதியியல் புத்தகத்துப் படம் மாதிரி ஏதோ இருக்கிறது, அதில் வண்ணம் வேறு. கள்ளக் காசோ என்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். (ஒரு வாசகர், மிசிசாகா)

ப: பயப்பட வேண்டாம், நல்ல காசுதான். அந்த வேதியியல் படம் என்று சொன்னீர்களே, அதுதான் இன்சுலின். ஒற்றை இன்சுலின் மூலக்கூறு, ரத்த அணுக்கள், குளுக்கோஸ், அப்புறம் அந்தக் காலத்து ஆய்வகத்தில் இன்சுலின் தயாரிக்கப் பயன்பட்ட குப்பி, கல்வம் போன்ற சாமான்கள் எல்லாம் சேர்ந்த வடிவம் அது. வரைந்தவர் ஜெஸ்ஸி கோரெக் என்ற ஓவியர். மொத்தம் 30 லட்சம் நாணயம் அடித்தார்கள், அதில் 20 லட்சம் வண்ணம் பூசியது, மீதி வண்ணம் இல்லாதது. இரண்டும் ஒரே மதிப்புதான். விளிம்பைச் சுற்றிப் பாருங்கள், 'கனடா 2 டாலர்ஸ்' என்று ஆங்கில எழுத்தில் பொறித்திருக்கும். 2012க்குப் பிறகு வந்த டூனிகளில் இது இருக்க வேண்டும்.

காசில் வண்ணம் என்றதும் பலருக்குச் சந்தேகம் வருகிறது. ஆனால் கனடாவுக்கு இது பழைய பழக்கம். புழக்கத்துக்கு விட்ட நாணயத்தில் உலகிலேயே முதலில் வண்ணம் பூசியது அவர்கள்தான், 2004இல், போரில் இறந்தவர்களின் நினைவாகச் சிவப்பு பாப்பிப் பூ வைத்த 25 சென்ட்.

கே: கண்டுபிடித்தவர் பாண்டிங். அவர் முகத்தைப் போடாமல் மூலக்கூறைப் போட்டிருக்கிறார்களே, இது அவருக்குச் செய்த அவமரியாதை இல்லையா? (ஒரு வாசகர், ஸ்கார்பரோ)

ப: இல்லை. என்னைக் கேட்டால், அந்த நாணயத்தில் எடுத்த மிகச் சரியான முடிவே அதுதான். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரெடெரிக் பாண்டிங்கின் பங்கை யாரும் குறைக்க முடியாது. 1920இல் அவர் ஒண்டாரியோவின் லண்டன் நகரில் புதிதாகக் கிளினிக் திறந்து, நோயாளிகள் அதிகம் வராமல், பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் வகுப்பு எடுத்துக் காலம் தள்ளிய இளம் அறுவை மருத்துவர். அக்டோபர் 30 இரவு மறுநாள் பாடத்துக்குத் தயார் செய்யும்போது கணையத்தைப் பற்றிய ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு, தூக்கம் வராமல், விடியற்காலை இரண்டு மணி வாக்கில் எழுந்து ஒரு யோசனையைக் குறித்து வைத்தார். கணையத்தின் குழாயைக் கட்டிவிட்டால் செரிமானச் சாறு சுரக்கும் பகுதி சுருங்கிப்போகும், சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் அந்த மற்றப் பொருளைக் கெடாமல் எடுத்துவிடலாம் என்பதுதான் அந்த யோசனை. அவருக்கு ஆராய்ச்சி அனுபவமே கிடையாது. அந்த யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டு டொராண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜே.ஜே.ஆர். மக்ளியாடிடம் போய் நின்றார்.

மக்ளியாடுக்குப் பெரிய நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் ஆய்வகம் கொடுத்தார், நாய்கள் கொடுத்தார், சார்லஸ் பெஸ்ட் என்ற மாணவரை உதவிக்குக் கொடுத்தார். 1921 மே 17 வேலை தொடங்கியது. ஜூலை 30 அன்று கணையம் நீக்கப்பட்ட ஒரு நாய்க்கு, கணையத்திலிருந்து எடுத்த சாற்றைச் செலுத்தியபோது ரத்தச் சர்க்கரை இறங்கியது. சரி, இத்தோடு கதை முடிந்ததா என்றால் இல்லை, ஏனென்றால் நாய்க்கு வேலை செய்த அந்தக் கலங்கிய சாறு மனிதனுக்குச் செலுத்தும் தரத்தில் இல்லை.

1922 ஜனவரி 11 அன்று டொராண்டோ பொது மருத்துவமனையில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்குப் பாண்டிங்கும் பெஸ்டும் தயாரித்த சாற்றைப் போட்டார்கள். சர்க்கரை கொஞ்சம்தான் இறங்கியது, ஊசி போட்ட இடம் கட்டி மாதிரி வீங்கிவிட்டது, நிறுத்திவிட்டார்கள். அந்தப் பையனைக் காப்பாற்றியது ஜனவரி 23 போட்ட இரண்டாவது மருந்து. அதைத் தயாரித்தவர் ஜேம்ஸ் காலிப் என்ற உயிர்வேதியியலாளர். முந்தின டிசம்பரில்தான் குழுவில் சேர்ந்தவர். ஆல்கஹாலின் அளவைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போய், எந்த இடத்தில் கழிவெல்லாம் பிரிந்து இன்சுலின் மட்டும் படிகிறது என்று கண்டுபிடித்தவர் அவர்தான். ஒரே நாளில் பையனின் ரத்தச் சர்க்கரை 520இலிருந்து 120க்கு வந்தது. தாம்சன் அதற்குப் பிறகு 13 ஆண்டு வாழ்ந்தார்.

1923இல் நோபல் பரிசு பாண்டிங்குக்கும் மக்ளியாடுக்கும் மட்டும் போயிற்று. பெஸ்டை விட்டுவிட்டார்களே என்று பாண்டிங்குக்குக் கடும் கோபம், தன் பரிசுப் பணத்தில் பாதியை அவருக்குக் கொடுத்தார். மக்ளியாட் தன் பங்கில் பாதியைக் காலிப்புக்குக் கொடுத்தார். பரிசு பெற்றவர்களே தங்கள் கையால் பரிசைத் திருத்தி எழுதிய மாதிரிதான் இது. அவர்களுக்குள் பேச்சுவார்த்தைகூட நல்லபடியாக இல்லை, அதுவும் உண்மை. பிற்காலத்தில் பாண்டிங்–பெஸ்ட் என்ற இரண்டு பெயர் மட்டும் பள்ளிப் புத்தகங்களில் நிலைத்து, காலிப்பும் மக்ளியாடும் மறைந்துபோனார்கள்.

இப்போது சொல்லுங்கள், யார் முகத்தைப் போடுவது? ஒரு முகம் போட்டால் மூன்று பேருக்கு அநியாயம். கனடா நாணயத்தில் மனித உருவம் போடும் வழக்கம் இல்லாமலும் இல்லை. ஒற்றைக் காலோடு புற்றுநோய் ஆராய்ச்சிக்காக ஓடிய டெர்ரி ஃபாக்ஸை 2005இல் ஒரு டாலர் நாணயத்தில் வைத்தார்கள், அங்கே அது பொருத்தம், ஏனென்றால் அந்த ஓட்டம் அவர் ஒருவருடையது. இன்சுலின் அப்படி இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாணயத்தில் இருக்கும் மூலக்கூறின் வடிவம் 1921இல் யாருக்கும் தெரியாது. தாங்கள் பிரித்தெடுத்த பொருள் எப்படி இருக்கும் என்று அந்த நால்வரும் பார்த்ததில்லை. அதன் 51 அமினோ அமிலங்களும் எந்த வரிசையில் கோக்கப்பட்டிருக்கின்றன என்பதைக் கண்டு சொன்னவர் பிரிட்டனின் ஃப்ரெட் சாங்கர், அதற்காக 1958இல் நோபல் பெற்றார். முப்பரிமாண வடிவத்தை டோரதி ஹாட்கினின் குழு வெளியிட்டது 1969இல்தான். இன்சுலின் படிகத்தை அவர் முதலில் கையில் எடுத்தது 1930களில், முப்பது ஆண்டுக்கு மேல் விடாமல் உழைத்திருக்கிறார். அதற்குள் மக்ளியாட், பாண்டிங், காலிப் மூவரும் காலமாகிவிட்டார்கள். பெஸ்ட் ஒருவர்தான் அந்த வடிவத்தைக் காணும்வரை உயிரோடு இருந்தார். ஆக, மூலக்கூறைப் போட்டதால் டொராண்டோவின் நால்வரோடு சாங்கருக்கும் ஹாட்கினுக்கும் சேர்த்து அந்த நாணயத்தில் இடம் கிடைத்துவிட்டது. அவமரியாதை என்று எனக்குத் தோன்றவில்லை.

கே: பெஸ்ட் இந்த ஆராய்ச்சியில் சேர்ந்ததே காசு சுண்டிப் போட்டுத்தான் என்கிறார்களே, நிஜமா? (ஒரு கல்லூரி மாணவி, கோவை)

ப: அப்படித்தான் சொல்லப்படுகிறது. மக்ளியாடிடம் அப்போது இரண்டு மாணவ உதவியாளர்கள், சார்லஸ் பெஸ்ட், கிளார்க் நோபிள். கோடைக்காலத்தை இரண்டாகப் பிரித்து ஒருவர் மாற்றி ஒருவர் பாண்டிங்கோடு வேலை செய்வதாக ஏற்பாடு. யார் முதலில் என்று முடிவு செய்யக் காசு சுண்டினார்களாம், பெஸ்டுக்கு முதல் முறை விழுந்தது. பாதிக் கோடை முடிந்தபோது பெஸ்ட் வேலையில் நன்றாகப் பழகிவிட்டிருந்தார், அதனால் ஆளை மாற்றவில்லை, அவரே தொடர்ந்தார்.

நோபிளும் பிறகு அந்த ஆய்வகத்தில் இன்சுலின் தொடர்பான சோதனைகளில் வேலை செய்தார், கட்டுரைகளில் அவர் பெயரும் வந்தது. ஆனால் அவரைப் பற்றிப் பேசுபவர்கள் மிகக் குறைவு. அதனால்தான் மாணவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லும்போது அவர் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். நீங்களும் சொல்லுங்கள்.

கே: முதல் ஊசி போட்டது 1922. அப்படியானால் நூற்றாண்டு 2022 தானே? (ஒரு வாசகர், திருச்சி)

ப: எதைக் கண்டுபிடிப்பு என்று வைத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஆய்வகத்தில் சாறு வேலை செய்தது 1921 கோடை, மனிதருக்குப் பலன் தந்தது 1922 ஜனவரி, 'இன்சுலின்' என்ற பெயரோடு மருத்துவ உலகத்துக்கு மக்ளியாட் முறையாக அறிவித்தது 1922 மே 3. நாணயச்சாலை முதலாவதை எடுத்துக்கொண்டது. கனடா தபால் துறையும் 2021இல்தான் நூற்றாண்டுத் தபால்தலை வெளியிட்டது. 1922ஐ எடுத்திருந்தாலும் தப்பு சொல்ல முடியாது.

கே: அம்மாவுக்கு இருபது வருடமாகச் சீனி வருத்தம். இப்போது ஊசி போடச் சொல்லியிருக்கிறார்கள். 'ஊசி என்றால் கடைசிக் கட்டம்' என்று அழுகிறார். நோயைக் குணப்படுத்தாத ஒரு மருந்துக்கு நாணயம் அடித்துக் கொண்டாடுவதில் என்ன இருக்கிறது என்று எனக்கே தோன்றுகிறது. (ஒரு வாசகி, யாழ்ப்பாணம்)

ப: சகோதரி, முதலில் அம்மாவுக்கான பதில். ஊசி என்றால் கடைசிக் கட்டம் இல்லை. இரண்டாம் வகை நீரிழிவில் தொடக்கத்தில் உடம்பு இன்சுலினைச் சரியாக ஏற்றுக்கொள்வதில்லை, அதை ஈடுகட்டக் கணையம் கூடுதலாகச் சுரக்கிறது, பல வருடம் அப்படி உழைத்து மெல்ல மெல்லத் தளர்கிறது. அப்போது மாத்திரை மட்டும் போதாமல் போகலாம். குறைவதை வெளியிலிருந்து கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். அம்மா சாப்பாட்டில் தப்பு செய்ததற்குத் தண்டனை என்று யாராவது வீட்டில் பேசினால் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். எந்த இன்சுலின், எத்தனை அலகு, எப்போது என்பதை அவருடைய மருத்துவர் சொல்வார். சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கினால் என்ன அறிகுறி வரும், உடனே என்ன கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காமல் கேட்டு, வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

இரண்டாவது கேள்வி. இன்சுலின் குணப்படுத்துவதில்லை, நீங்கள் சொன்னது சரி. ஆனால் அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று பார்த்தால்தான் நாணயத்தின் அர்த்தம் புரியும். முதல் வகை நீரிழிவு வந்த குழந்தைக்கு 1920இல் இருந்த ஒரே வழி பட்டினி. நியூயார்க்கின் டாக்டர் ஃப்ரெடெரிக் ஆலன் பரப்பிய முறை அது, உணவைக் குறைத்துக் குறைத்துச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது. அவர் கொடூரமானவர் இல்லை, கையில் வேறு எதுவும் இல்லாத காலத்தில் சில மாதமோ சில வருடமோ கூடுதலாக வாங்கிக் கொடுத்தார். அதற்கு விலையாகப் பிள்ளைகள் எலும்பும் தோலுமாக ஆனார்கள்.

எலிசபெத் ஹியூஸ் என்ற பெண், அமெரிக்க வெளியுறவு அமைச்சரின் மகள். 11 வயதில் நோய் வந்தது. ஆலனின் முறையில் மூன்று ஆண்டு தாக்குப்பிடித்து, 1922 ஆகஸ்டில் டொராண்டோவுக்குப் பாண்டிங்கிடம் வந்து சேர்ந்தபோது அவர் எடை 45 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 20 கிலோ. வயது பதினைந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. இன்சுலின் தொடங்கியதும் அவர் தன் அம்மாவுக்கு எழுதிய கடிதங்களில் பாதி சாப்பாட்டைப் பற்றித்தான். அவர் படித்து, கல்யாணம் செய்து, மூன்று பிள்ளை பெற்று, 1981 வரை வாழ்ந்தார். வாழ்நாளில் சுமார் 42,000 ஊசி போட்டுக்கொண்டிருப்பார் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். டெடி ரைடர் என்ற இன்னொரு சிறுவன் 1922 ஜூலையில் ஐந்து வயதில் 26 பவுண்டு எடையோடு கொண்டுவரப்பட்டவன். மறுவருடம் தான் குண்டுப் பையனாகிவிட்டதாகப் பாண்டிங்குக்குப் பெருமையாகக் கடிதம் எழுதினான். 1993 வரை இருந்தார்.

குணம் ஆகவில்லைதான், ஆனால் அந்தக் குழந்தைகளுக்கு முழு வாழ்க்கையும் கிடைத்தது. ஒரு நாணயம் அடிக்க இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கு டெடி ரைடரின் கதையைச் சொல்லுங்கள்.

கே: இன்சுலின் உரிமையை வெறும் ஒரு டாலருக்கு விற்றார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. உண்மை என்றால் இன்று இந்த விலை ஏன்? (பல வாசகர்கள்)

ப: உண்மை. காப்புரிமையில் பெயர் இருந்த பாண்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் 1923 ஜனவரியில் தலைக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு உரிமையை டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். மருத்துவராகச் சத்தியம் எடுத்தவன் மருந்துக்குக் காப்புரிமை எடுக்கக் கூடாது என்று பாண்டிங் முதலில் தன் பெயரைச் சேர்க்கவே மறுத்தார், சட்டச் சிக்கல் வந்தபிறகுதான் சேர்த்தார்கள்.

இலவசமாகவே விட்டிருக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். விட்டிருந்தால் வேறு யாராவது காப்புரிமை எடுத்து உலகத்துக்கே கதவைச் சாத்தியிருப்பார்கள். அதைவிட முக்கியம் தரம். அன்றைய இன்சுலின் ஒவ்வொரு தடவை தயாரிக்கும்போதும் ஒவ்வொரு வீரியத்தில் வந்தது. கூடினால் நோயாளி மயங்கி விழுவார், குறைந்தால் பலனில்லை. உரிமை பல்கலைக்கழகத்திடம் இருந்ததால்தான் தயாரிக்கும் நிறுவனங்களைச் சோதிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடிந்தது. ஊசிக் குப்பியில் 'அலகு' என்று இன்றும் பார்க்கிறோமே, அது அன்று முயல்களின் ரத்தச் சர்க்கரையை எவ்வளவு இறக்குகிறது என்று பார்த்து வகுத்த கணக்கிலிருந்து வந்தது.

இன்றைய விலைக்கு வருவோம். 1923இல் விற்ற உரிமை மாட்டின், பன்றியின் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலினுக்கானது. 1978இல் பாக்டீரியாவுக்குள் மனித மரபணுவை வைத்து இன்சுலின் தயாரிக்க வழி கண்டார்கள், 1982இல் அது அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அப்புறம் வேகமாக வேலை செய்வது, நாள் முழுதும் நீடிப்பது என்று மாற்றியமைத்த வகைகள், பேனாக்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காப்புரிமை. தயாரிப்பதும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெரிய நிறுவனங்கள். நோயாளி எவ்வளவு கொடுக்கிறார் என்பது ஒவ்வொரு நாட்டின் சட்டத்தையும் காப்பீட்டையும் பொறுத்து மாறுகிறது. அந்த மூன்று டாலரை நினைத்தால் இன்றைய நிலை நியாயமாகத் தெரியவில்லை. இதை நான் சுற்றி வளைக்காமலே சொல்கிறேன்.

கே: இன்சுலினை உண்மையில் கண்டுபிடித்தது ருமேனியாவின் பாலெஸ்கு. கனடாக்காரர்கள் நாணயம் அடித்துச் சரித்திரத்தை மாற்றுகிறார்கள். (ஒரு வாசகர், சென்னை)

ப: உங்கள் கோபத்தில் பாதி நியாயம். நிகோலாய் பாலெஸ்கு புக்கரெஸ்டில் உடலியல் பேராசிரியர். கணையச் சாறு நாய்களின் ரத்தச் சர்க்கரையை இறக்குகிறது என்று 1921 ஆகஸ்டிலேயே கட்டுரை வெளியிட்டுவிட்டார், டொராண்டோக்காரர்களின் முதல் கட்டுரை 1922 பிப்ரவரியில்தான் வந்தது. அதில் பாலெஸ்குவைக் குறிப்பிடவும் செய்தார்கள், ஆனால் அவர் சொன்னதைத் தவறாகப் புரிந்துகொண்டு, அவருக்குச் சரியான பலன் கிடைக்காத மாதிரி எழுதிவிட்டார்கள். பல ஆண்டு கழித்து, 1969இல், அதற்காகப் பெஸ்ட் ஒரு கடிதத்தில் வருத்தம் தெரிவித்தார்.

அவருக்கு முன்பும் ஆட்கள் உண்டு. 1889இல் ஸ்ட்ராஸ்பர்கில் மின்கோவ்ஸ்கியும் ஃபான் மேரிங்கும் நாயின் கணையத்தை எடுத்தால் நீரிழிவு வருகிறது என்று காட்டினார்கள். பெர்லினில் ஸூல்ஸர் 1908 வாக்கிலேயே மனிதர்களுக்குக் கணையச் சாற்றைச் செலுத்திப் பார்த்தார், பக்கவிளைவுகளால் நிறுத்த வேண்டியதாயிற்று. டொராண்டோ செய்தது கடைசி அடி. சாற்றைச் சுத்தம் செய்து, நோயாளிக்குத் திரும்பத் திரும்பக் கொடுக்கும்படி ஆக்கி, ஒரு வருடத்துக்குள் பெருமளவில் தயாரிக்க ஏற்பாடும் செய்தார்கள். உயிர்களைக் காப்பாற்றியது அந்த அடி. முன்னால் நடந்தவர்களை மறந்துவிடக் கூடாது என்பதில் உங்களோடு உடன்படுகிறேன்.

பாலெஸ்குவைப் பற்றி இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அவர் யூதர்களுக்கு எதிராக வெறுப்பு நிறைந்த எழுத்துகளை எழுதிப் பரப்பியவர். 2003இல் பாரிஸில் அவருக்குச் சிலை திறக்க இருந்த விழா அந்தக் காரணத்தாலேயே நின்றுபோனது. அறிவியல் உரிமையைக் கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். நாணயத்தில் முகம் போடுவது வேறு விஷயம், முகம் போடுவதைப் பற்றி முன்னால் ஒரு பதிலில் நான் சொன்னதற்கு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கே: அந்த நாய்கள் என்ன ஆயின? எனக்கு அழுகையாக வருகிறது. (ஏழாம் வகுப்பு மாணவி)

ப: நிறைய நாய்கள் இறந்தன, கண்ணா. அதை மாற்றிச் சொல்ல எனக்கு மனமில்லை. 33ஆம் எண் நாய்க்கு மார்ஜரி என்று பெயர். கணையம் இல்லாமலே அவர்கள் கொடுத்த சாற்றால் ஏறத்தாழ 70 நாள் உயிரோடு இருந்தது. இன்னொரு நாய் இறந்தபோது பாண்டிங் அழுதுவிட்டார். இன்று பெரும்பாலான இன்சுலின் பாக்டீரியா, ஈஸ்ட் போன்ற நுண்ணுயிர்களிலிருந்து வருகிறது, அதற்காக விலங்கின் கணையத்தை எடுப்பதில்லை. நாணயத்தில் ஒரு மூலையில் ஒரு நாயையும் வைத்திருக்கலாம் என்று உன் கடிதத்தைப் படித்தபிறகு எனக்கும் தோன்றியது.

கே: மருத்துவ வரலாற்றை நினைவுகூரும் வேறு நாணயங்கள் உண்டா? சேகரிக்கத் தொடங்கியிருக்கிறேன். (ஒரு வாசகர், மதுரை)

ப: நல்ல தலைப்பைப் பிடித்திருக்கிறீர்கள். இன்சுலினுக்கே இன்னொன்று உண்டு. பிரிட்டன் நாணயச்சாலை 2021இல் 50 பென்ஸ் வெளியிட்டது, ஆனால் புழக்கத்துக்கு விடவில்லை, சேகரிப்பவர்களுக்கு மட்டும். அதே வரிசையில் 2020இல் ரோசலிண்ட் ஃபிராங்ளினுக்கு வந்தது. டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் கண்டறிந்து 50 ஆண்டு ஆனதற்கு 2003இல் 2 பவுண்டு நாணயம், பொது மருத்துவச் சேவையின் பொன்விழாவுக்கு 1998இல் 50 பென்ஸ், இவை இரண்டும் புழக்கத்தில் வந்தவை, அதனால் குறைந்த செலவில் கிடைக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது அமெரிக்காவின் 2019 பென்சில்வேனியா ஒரு டாலர். போலியோ தடுப்பூசிக்கானது. ஜோனஸ் சால்க் அதை உருவாக்கியது அந்த மாகாணத்துப் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில். நாணயத்தில் போலியோ வைரஸை மூன்று அளவுகளில் பெரிதாக்கிக் காட்டி, பின்னால் அந்தக் காலத்து நுண்ணோக்கியின் நிழலுருவை வைத்திருக்கிறார்கள், இங்கேயும் முகம் கிடையாது. கனடாவில் 2006இல் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்காக இளஞ்சிவப்பு ரிப்பன் வைத்த 25 சென்ட் வந்தது. நாணயத்தோடு தாளையும் சேர்ப்பீர்கள் என்றால் கனடாவின் 2011ஆம் ஆண்டு 100 டாலர் பாலிமர் தாளைப் பாருங்கள், நுண்ணோக்கியில் பார்க்கும் ஆராய்ச்சியாளரும் ஓர் இன்சுலின் குப்பியும் அதில் இருக்கின்றன. அதைச் சேர்த்து வைக்கக் கொஞ்சம் செலவாகும்.

கே: வண்ண இன்சுலின் டூனி என்னிடம் நான்கு இருக்கிறது. விற்றால் என்ன கிடைக்கும்? மங்கலாக இருக்கிறது, புளி போட்டுத் தேய்க்கலாமா? (ஒரு வாசகி, பிராம்ப்டன்)

ப: ஐயோ, புளி வேண்டாம்! பற்பசை, எலுமிச்சை, பித்தளைப் பாலிஷ் எதுவும் வேண்டாம். அந்த வண்ணம் உலோகத்தின் மேல் அச்சிட்ட மெல்லிய பூச்சுதான், தேய்த்தால் போய்விடும். வண்ணம் இல்லாத காசைக்கூடத் தேய்க்கக் கூடாது, நுண்ணிய கீறல் விழுந்தால் சேகரிப்பவர்கள் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள். விளிம்பைப் பிடித்து எடுங்கள், நாணயத்துக்கென்று விற்கும் அட்டை உறையில் போடுங்கள். சாதாரண மலிவு பிளாஸ்டிக் உறைகள் சில வருடத்தில் பிசுபிசுத்து உலோகத்தைக் கெடுக்கும்.

விலையைப் பொறுத்தவரை, சட்டைப் பையில் சுற்றி வந்த காசுக்கு இரண்டு டாலர்தான் மதிப்பு. 30 லட்சம் அடித்த நாணயம் அரிதான பொருள் ஆகாது. புழங்காமல் சுருளிலேயே இருந்தவற்றுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பார்கள். இணையத்தில் பெரிய தொகை போட்டு விற்பனைக்கு வைத்திருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள், ஒருவர் கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. என் யோசனை, நல்ல நிலையில் இருப்பதில் ஒன்றை நீங்கள் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பிள்ளைகளிடம் கொடுங்கள், செலவழித்தாலும் சரி. இது புழங்குவதற்காக அடித்த காசு. இன்சுலின் போட்டுக்கொள்கிற ஒருவர் கைக்கு அது தற்செயலாக வந்து சேரட்டும்.

கே: உலக நீரிழிவு நாளுக்காக எங்கள் பள்ளியில் டூனியாகவே 300 டாலர் சேர்த்தோம். அதில் பொருள் வாங்கப் போனால் கடைக்காரர் இத்தனை சில்லறையை வாங்க மாட்டேன் என்கிறார். சட்டப்படி அவர் வாங்கித்தானே ஆக வேண்டும்? (ஒரு பள்ளி ஆசிரியை, மார்க்கம்)

ப: இல்லை. கனடாவின் நாணயச் சட்டப்படி இரண்டு டாலர் நாணயமாகக் கொடுத்தால் ஒரு கொடுக்கல் வாங்கலில் 40 டாலர் வரைதான் செல்லுபடியாகும் பணம், அதாவது 20 டூனி. அதற்கு மேல் வாங்குவது அவர் விருப்பம். வங்கிக்குக் கொண்டுபோங்கள். டூனிச் சுருள் ஒன்றுக்கு 25 காசு, 50 டாலர், உங்களுக்கு ஆறு சுருள் வரும், காகித உறை வங்கியிலேயே கேட்டுப் பாருங்கள். நவம்பர் 14ஐ நீரிழிவு நாளாக வைத்தது பாண்டிங் பிறந்த நாள் என்பதால்தான், அவர் பிறந்தது 1891. மாணவர்களைச் சுற்றுலா அழைத்துப் போகும் எண்ணம் இருந்தால், அவருக்கு அந்த யோசனை தோன்றிய லண்டன் வீடு இப்போது பாண்டிங் இல்லம் என்ற அருங்காட்சியகமாக இருக்கிறது, உங்கள் ஊரிலிருந்து காரில் ஒரே நாளில் போய் வரலாம். காசைச் சுருட்டும் வேலையையும் மாணவர்களிடமே கொடுங்கள், 2021 நாணயம் எத்தனை வந்திருக்கிறது என்று அவர்களே எண்ணட்டும்.